பெர்தா வெக்மன் வரைந்த தோழியின் படம் (1881): இதில் நெருக்கம் எங்கே இருக்கிறது?

சாம்பல்நீலம் எழுதியது:

டென்மார்க் ஓவியம் என்று பேச்செடுத்தால் ஹாமர்ஷோய் என்ற ஓவியரின் காலி அறைகள், ஓவியர்கள் கூடிய ஸ்காகன் கடற்கரையின் வெளிச்சம், இந்த இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெர்தா வெக்மனைப் பற்றி இங்கே ஓர் இழை கூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். அவருடைய எல்லாப் படங்களையும் பற்றிப் பேச வரவில்லை. ஒரே ஒரு படம்: 1881இல் தன் தோழியும் சக ஓவியருமான ஜென்னா பௌக்கை வரைந்த எண்ணெய் வண்ணப் படம். இப்போது ஸ்டாக்ஹோம் நேஷனல் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கருமையான உடையில் நாற்பது வயதுப் பெண். கழுத்திலும் மணிக்கட்டிலும் கொஞ்சம் வெள்ளை. கையில் புத்தகம். உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து நேராகப் பார்க்கிறார், படித்துக்கொண்டிருந்தவர் யாரோ ஏதோ சொன்னதைக் கேட்டு நிமிர்ந்த மாதிரி. பிரஷ்ஷும் பலெட்டும் (வண்ணம் குழைக்கும் தட்டு) பக்கத்திலேயே இருக்கின்றன, ஆனால் கையில் எடுக்கவில்லை. உதட்டோரத்தில் இருப்பது சிரிப்பா, சிரிப்புக்கு முந்தைய கணமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

ஆளைப் பற்றி: வெக்மன் பிறந்தது சுவிட்சர்லாந்தின் சோலியோ கிராமத்தில், ஐந்து வயதில் குடும்பத்தோடு கோபன்ஹேகன் வந்துவிட்டார். 1860களின் கடைசியில் ம்யூனிக் போய் லிண்டன்ஷ்மிட், குர்ஸ்பௌவர் ஆகியோரிடம் படித்தார். அங்கேதான் பௌக் அறிமுகம். பௌக் ஸ்வீடன்காரர், 1840இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், அப்பா ஜெர்மானியர், இசைத்துறை. பௌக் முக்கியமாக நிலக்காட்சி வரைபவர். வெக்மனைவிட ஆறேழு வயது மூத்தவர். இருவரும் சேர்ந்து இத்தாலி போனார்கள், பாரிஸ் போனார்கள், ஸ்டூடியோவைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்தக் காலத்துப் பெண் உருவப்படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டும் முத்தும் விசிறியுமாக அழகாக உட்கார்ந்திருப்பார்கள், பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். இந்தப் படத்தை அப்படிக் கடக்க முடியவில்லை. இவர் உட்கார்ந்திருக்கும் விதத்தில் "என்னைப் பார்" என்பது இல்லை, "சொல்லு, கேட்கிறேன்" என்பதுதான் இருக்கிறது. நான் சொல்ல வரும் நெருக்கம் இதுதான். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கோட்டுருவன் எழுதியது:

நல்ல இழை. ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வியை யாராவது கேட்டுவிட வேண்டும், நானே கேட்டுவிடுகிறேன். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்து ஊர் சுற்றினார்கள், ஒருவரை ஒருவர் வரைந்தார்கள். காதலர்களா?

மாடிப்படி எழுதியது:

@கோட்டுருவன் இதற்கு ஆம் என்று சொல்பவர்களும் இல்லை என்று சொல்பவர்களும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

1870களில் ஒரு பெண் ஓவியம் படிக்க ம்யூனிக் போகிறாள் என்று வையுங்கள். அங்கே அரசு கலை அகாடமி பெண்களைச் சேர்க்காது, 1920 வரைக்கும் சேர்க்கவில்லை. தனி ஆசிரியரைப் பிடித்து, தனியாகக் கட்டணம் கட்டி, மாடலுக்கும் காசு கொடுத்து, ஸ்டூடியோ வாடகையும் கொடுக்க வேண்டும். தனியாக ஒரு பெண் வீடு எடுத்தால் ஊர்வாய் வேறு. இரண்டு பேர் சேர்ந்தால் வாடகை பாதி, பயணத்துக்குத் துணை, மாடல் கிடைக்காத நாளில் ஒருவருக்கு ஒருவர் மாடல். நார்வேயின் ஹாரியட் பாக்கர், கிட்டி ஷெலாண்ட் இருவரும் இப்படித்தான் ம்யூனிக்கிலும் பாரிசிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், பாக்கர் ஷெலாண்டின் போர்ட்ரெய்ட்டையும் வரைந்திருக்கிறார். அதனால் சேர்ந்து வாழ்ந்தது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காதல் என்று எழுதிவிட முடியாது.

அதே சமயம் "அந்தக் காலத்தில் தோழிகள் அப்படித்தான் பழகுவார்கள்" என்று ஒரு பெரியவர் தோரணையில் கதவைச் சாத்திவிடுவதும் எனக்குப் பிடிக்காது. ஆணும் பெண்ணும் இவ்வளவு காலம் சேர்ந்து இருந்திருந்தால் நாம் ஆதாரம் கேட்டிருப்போமா? கேட்டிருக்க மாட்டோம்.

என்னைக் கேட்டால், இந்தக் கேள்வியைத் திறந்தே வைத்துவிட்டுப் படத்துக்குத் திரும்பலாம். படத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது நாம் கேட்க விரும்புவதைத்தான் சொல்லும்.

தைலவண்ணன் எழுதியது:

நான் கமிஷனுக்கு உருவப்படம் வரைபவன், அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

முதலில் உட்கார்ந்திருக்கும் விதம். காசு கொடுத்து வரையச் சொல்பவர்கள் யாரும் முன்னால் சாய்ந்து உட்கார மாட்டார்கள். முதுகை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, போட்டோ ஸ்டூடியோவில் "ரெடி" சொன்ன மாதிரி உறைந்துபோவார்கள். அரை மணி நேரத்தில் முகம் செத்துவிடும். அப்புறம் வரைபவன் பாடு, அந்த முகத்துக்குக் கற்பனையில் உயிர் கொடுக்க வேண்டும். முன்னால் சாய்ந்த உடம்பைப் பல அமர்வுகளுக்கு அப்படியே வைத்திருப்பது மாடலுக்குப் பெரிய கஷ்டம். முதுகு வலிக்கும், ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் சாய்வு மாறும், உடை மடிப்பு மாறும். இதைச் சமாளிக்க மாடலுக்கு வரைபவரின் தொழில் தெரிந்திருக்க வேண்டும். இங்கே மாடலே ஓவியர். எப்போது அசையலாம், எப்போது கூடாது, எந்த மடிப்பு முக்கியம் என்று பௌக்குக்குத் தெரியும். அந்தப் படத்தில் பாதி உழைப்பு பௌக்குடையது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, கறுப்பு. இருண்ட உடையை வரைவது எவ்வளவு தொல்லை என்று வரைந்தவர்களுக்குத் தெரியும். ம்யூனிக்கில் அப்போது லைபிள் என்ற ஓவியரின் வட்டத்துக்குச் செல்வாக்கு, பழைய டச்சு ஓவியர்களைப் பார்த்துக் கற்ற பழுப்பும் கறுப்பும். அங்கே படித்தவர்கள் இருட்டுக்குள்ளிருந்து முகத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். பாரிஸ் வந்ததும் வெக்மனின் படங்களில் வெளிச்சம் கூடுகிறது, பின்னணி பேச ஆரம்பிக்கிறது. இந்தப் படத்தில் இரண்டும் இருக்கிறது. உடை ம்யூனிக், அறை பாரிஸ். உடையில் அவர் செலவழித்த பொறுமையைப் பாருங்கள், கறுப்புக்குள் எத்தனை கறுப்பு. ஆனால் சுற்றியிருக்கும் சாமான்களில் பிரஷ் வேகமாகப் போகிறது.

மூன்றாவது, முகம். இளமையாக்கவில்லை. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு அபூர்வம் என்று. ஒருமுறை ஒரு வீட்டில் அம்மாவின் படத்தை வரையச் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன், கண்ணுக்குக் கீழே சுருக்கம் வேண்டாம், நிறத்தையும் கொஞ்சம் ஏற்றுங்கள் என்றார்கள். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, அவருக்கு அந்தச் சுருக்கம் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் காசு வாங்கினேன். வெக்மனுக்கு இந்தப் படத்தில் அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை.

கோட்டுருவன் எழுதியது:

தைலவண்ணன் சார், "உடை ம்யூனிக், அறை பாரிஸ்", இதைத் திருடிக்கொள்கிறேன்.

செம்பருத்தி_72 எழுதியது:

டென்மார்க் பெண் ஓவியர், நெருக்கமான போர்ட்ரெய்ட் என்று தலைப்பைப் பார்த்ததும் கெர்டா வெகனர் பற்றித்தான் என்று உள்ளே வந்தேன். அவரும் சக ஓவியரைத்தானே வரைந்தார்? லிலி எல்பே, திருநங்கை, முன்பு ஆணாக, நிலக்காட்சி ஓவியராக அறியப்பட்டவர், கெர்டாவின் வாழ்க்கைத் துணை. 1904இல் கல்யாணம், 1912 வாக்கில் பாரிஸ். கெர்டாவின் படங்களில் லிலி திரும்பத் திரும்ப வருகிறார், சீட்டுக்கட்டோடு, விசிறியோடு, நாகரிக உடைகளில். இந்த இழைக்கு அது இன்னும் பொருத்தம் இல்லையா?

சாம்பல்நீலம் எழுதியது:

@செம்பருத்தி_72 பொருத்தம்தான், தனி இழைக்கே தகுதியானது, நீங்கள் தொடங்குங்கள் முதல் ஆளாக வருகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம். கெர்டா வரையும் லிலி அழகின் உலகத்துக்குள் இருக்கிறார், பட்டு, உதட்டுச்சாயம், இதழ்க் கண்கள். லிலி அப்படித் தன்னைப் பார்க்க விரும்பினார், கெர்டாவின் கை அதற்கு இடம் கொடுத்தது, அது பெரிய விஷயம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களில் லிலி ஓவியராக இல்லை, தூரிகையை அவர் விட்டுவிட்டார் என்பதும் தெரிந்ததுதான். வெக்மன் படத்தில் எனக்குப் பிடித்ததே சக தொழிலாளியாகப் பார்க்கும் அந்தக் கண்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வரலாற்றுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓவியர் தன் நண்பரான ஓவியரை வரைவது டென்மார்க்கில் வெக்மனுக்கு முன்பே நல்ல பழக்கம். மிகவும் புகழ்பெற்றது கிறிஸ்டென் கோப்கே 1832இல் வரைந்த ஃப்ரெடெரிக் சோட்ரிங் படம், கோபன்ஹேகன் ஹிர்ஷ்ஸ்ப்ருங் சேகரிப்பில் இருக்கிறது. கோப்கேவுக்கு அப்போது 22 வயது. இருவரும் ஒரே ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள். சோட்ரிங்கும் பௌக் மாதிரியே நிலக்காட்சிக்காரர்தான். சிவந்த கன்னத்தோடு, கையில் பலெட்டோடு, நிதானமாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கண்ணாடி, சுவரில் ஒட்டிய படங்கள், செடி. வேலைக்கு நடுவில் கொஞ்சம் அரட்டை என்ற தொனி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1832இல் ஓர் இளைஞனை ஓவியன் என்று காட்ட ஒரு கஷ்டமும் இல்லை. கோப்கே அகாடமி மாணவர், சோட்ரிங்கும் அப்படியே. அவர்கள் பலெட்டைக் கையில் வைத்திருந்தாலும் ஒன்றுதான், கீழே வைத்தாலும் ஒன்றுதான்.

பெண்ணுக்கு அப்படி இல்லை. ஸ்டாக்ஹோம் அகாடமி பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1864இல், பௌக் அதற்கு முந்தைய வருடமே ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார். கோபன்ஹேகன் அகாடமி 1888இல்தான் பெண்களுக்கென்று ஒரு கலைப்பள்ளியைத் தன் கீழ் தொடங்கியது. பாரிஸில் எகோல் தெ போசார் என்ற அரசு கலைப்பள்ளி 1897. ம்யூனிக் பற்றி மாடிப்படி மேலே சொல்லிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால் வெக்மனை கோபன்ஹேகன் அகாடமி தன் உறுப்பினராக எடுத்துக்கொண்டது 1887இல். அங்கே அப்படி இடம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். அதாவது மாணவியாகச் சேர்த்துக்கொள்ளாத இடத்தில், பெண்கள் படிக்க வழி வருவதற்கு ஒரு வருடம் முன்பே, சபையில் உட்கார நாற்காலி கிடைக்கிறது! அதற்கு முன்பே 1883இல் அவருக்குத் தோர்வால்ட்சன் பதக்கமும் கொடுத்தார்கள், 1892இல் இங்கேனியோ எத் ஆர்தி பதக்கம்.

கவனிக்க வேண்டியது, அந்த 1883 பதக்கம் பௌக் படத்துக்கு இல்லை. தன் அக்கா தங்கையில் ஒருவரான திருமதி செக்காம்பின் படத்துக்கு. நல்ல படம்தான், திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதக்கக் குழு எந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டியது என்பது யோசிக்க வைக்கிறது. மரியாதையான குடும்பத்துப் பெண்மணி. புத்தகத்தோடும் தொழிற்சாமான்களோடும் உட்கார்ந்திருக்கும் கல்யாணமாகாத ஓவியர் இல்லை.

மாடிப்படி எழுதியது:

@ஏட்டுச்சுவடி கடைசிப் பத்தி கொஞ்சம் நீட்டிப்பு என்று தோன்றுகிறது. எந்தக் கண்காட்சிக்கு எந்தப் படம் போனது என்பதைப் பொறுத்துத்தானே பதக்கம். குழுவின் மனசைப் படிக்க வேண்டாம். மற்றபடி 1887, 1888 விஷயம் அருமை, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கடப்பாரை எழுதியது:

எல்லோரும் ஒரே சுரத்தில் பாடுகிறீர்கள், நான் கொஞ்சம் தகராறு செய்கிறேன்.

நெருக்கம் நெருக்கம் என்கிறீர்கள். மீட்டர் உயரக் கேன்வாஸில், இவ்வளவு முடித்து, கையெழுத்துப் போட்டு வரைந்த படம் தோழிக்குக் கொடுத்த ஞாபகப் பரிசு இல்லை. 1880களின் தொடக்கம் என்பது வெக்மன் பாரிஸ் சலோனில், அதாவது அங்கே நடந்த பெரிய ஓவியக் கண்காட்சியில், பெயர் வாங்கப் பாடுபட்ட காலம், அங்கே அவருக்குப் பாராட்டும் கிடைத்தது. போர்ட்ரெய்ட்தான் அவர் பிழைப்பு. அறிமுகமில்லாத வாடிக்கையாளர்களிடம் "என்னால் இப்படி வரைய முடியும்" என்று காட்ட ஒரு சாம்பிள் வேண்டும். தோழி இலவச மாடல். நாகரிகமான கறுப்பு உடை, வெள்ளைச் சரிகை, கஷ்டமான வெளிச்சம், உயிருள்ள முகம், எல்லாமே ஒரு விளம்பரப் பலகைக்கான சாமான்கள். அந்த "நெருக்கம்" கூட விற்பனைக்கு வைத்த திறமைதான். என் ஓவியத்தில் உங்கள் மனைவியும் இப்படி உயிரோடு இருப்பார் என்று பணக்காரர்களுக்குச் சொல்வது.

தப்பு என்று சொல்லவில்லை. தொழில் செய்பவர் தொழில் செய்கிறார். ஆனால் நாம் இதை டைரிப் பக்கம் மாதிரி படிக்கக் கூடாது.

சாம்பல்நீலம் எழுதியது:

@கடப்பாரை உங்கள் பேரே சரிதான். இருந்தாலும் வரவேற்கிறேன், இது வேண்டிய அடி.

விற்பனைக்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்னும் சுலபமான வழி இருந்தது இல்லையா? தோழிக்கு ஒரு நல்ல கவுன் மாட்டி, வரவேற்பறையில் உட்கார வைத்து, பூங்கொத்தைக் கையில் கொடுத்திருக்கலாம். அதுதான் அந்த வாடிக்கையாளர்களுக்குப் புரியும் மொழி. அதைச் செய்யாமல் ஸ்டூடியோவில் உட்கார வைத்து, பிரஷ்ஷைக் கூடவே காட்டி, அதைக் கையில் கொடுக்காமல் புத்தகத்தைக் கொடுத்தது ஏன்?

என் வாதம் இதுதான். பலெட்டைக் கையில் பிடித்து நிற்கும் பெண் ஓவியரின் படம் "பார், நானும் ஓவியர்தான்" என்று நிரூபிக்க வந்த படம். அந்தக் காலப் பெண்களின் தன்னுருவப் படங்கள் பல அப்படித்தான் இருக்கும், அதற்குக் காரணமும் இருந்தது, ஏட்டுச்சுவடி வருடங்களோடு சொல்லிவிட்டார். வெக்மன் முன்னால் பௌக் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரே ஸ்டூடியோவில் வேலை செய்பவர்களிடம் யாராவது அடையாள அட்டை காட்டுவார்களா? சாமான்கள் அங்கே கிடக்கின்றன, அவ்வளவுதான். ஓவியர் படிக்கிறார், சும்மா இருக்கிறார், பேசுகிறார், அதுவும் ஓவியரின் நாள்தான். அந்தச் சாவகாசத்தை ஓர் ஆளிடம்தான் காட்ட முடியும்.

இன்னொன்று, இதற்குப் பதில் படம் ஒன்று இருக்கிறது. பௌக் வரைந்தது, வெக்மன் வேலை செய்வதை. அதுவும் அதே ஸ்டாக்ஹோம் மியூசியத்தில். ஸ்டூடியோ, கேன்வாஸ் தாங்கியின் முன்னால் வெக்மன், எதிரில் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறார், அவரைத்தான் வெக்மன் வரைந்துகொண்டிருக்கிறார். இங்கே வெக்மன் நம்மைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேலையில் இருக்கிறார். இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், நூற்றுக்கணக்கான வருடமாக ஆண் வரைவான், பெண் உட்கார்ந்திருப்பாள். இங்கே பெண் வரைகிறார், ஆண் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், அதை இன்னொரு பெண் ஓரமாக நின்று பதிவு செய்கிறார்.

ஒருவர் மற்றவரைச் சும்மா இருக்கும்போது வரைந்தார், மற்றவர் இவரை உழைக்கும்போது வரைந்தார். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஸ்டூடியோவின் ஒரு முழு நாள்.

தைலவண்ணன் எழுதியது:

பௌக் வரைந்த அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உருவப்பட ஓவியராகப் பார்த்தால் வெக்மன் அளவுக்குப் பௌக் தேறவில்லை, உடம்பில் அந்தக் கனம் இல்லை. ஆனால் அறையின் காற்றையும் வெளிச்சம் உள்ளே விழும் விதத்தையும் நிலக்காட்சிக்காரரின் கண்ணோடு பிடித்திருக்கிறார். அறையையே ஒரு நிலக்காட்சியாக வரைந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. வெக்மன் அதை வரைந்திருந்தால் ஆள் தெரிந்திருப்பார், அறை பின்னால் போயிருக்கும்.

கடப்பாரை எழுதியது:

@சாம்பல்நீலம் பூங்கொத்து வாதம் பாதி சரி. ஆனால் 1880களின் பாரிசில் ஸ்டூடியோவும் ஒரு ஃபேஷன்தான். பணக்காரர்கள் ஸ்டூடியோவுக்குச் சுற்றுலா மாதிரி வருவார்கள், ஓவியர்கள் அறையை விதவிதமாக அலங்கரித்து வைப்பார்கள். "கலைஞர் வாழ்க்கை" என்பதே விற்கும் சரக்கு. அதனால் பிரஷ்ஷும் புத்தகமும் கிடப்பது வியாபாரத்துக்கு வெளியே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சாவகாசம் என்பதை மட்டும் ஏற்கிறேன். முகத்தில் இருப்பதை ஏற்பாடு செய்ய முடியாது.

மாடிப்படி எழுதியது:

இரண்டும் ஒன்றாக இருக்க முடியாதா என்ன? நெருங்கிய தோழியைக் கொண்டு சலோனில் பேர் வாங்குவதும், அவரை உள்ளபடி வரைவதும்? பௌக்குக்கும் அதில் லாபம் இருக்கிறது, ஊரே பார்க்கும் இடத்தில் "ஓவியர் ஜென்னா பௌக்" என்று அவர் பேர் போகிறது. இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்த கூட்டு வேலை என்றே நினைக்கிறேன். அது நெருக்கத்தைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கூட்டித்தான் காட்டுகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பௌக்கின் பிற்காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதில் இந்த இழைக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது.

வெக்மன் 1882இல் கோபன்ஹேகன் திரும்பி அங்கே பெரிய ஆளாகிவிட்டார், மேட்டுக்குடிகள் வரிசையில் நின்று வரையச் சொன்னார்கள். பௌக் ஜெர்மனியிலேயே தங்கிப் பெண்களுக்கு ஓவியம் கற்பித்தார், ம்யூனிக்கிலும், 1890களில் பெர்லின் பெண் ஓவியர் சங்கத்தின் பள்ளியிலும். பெர்லினில் அவரிடம் படித்த ஒரு மாணவி பௌலா பெக்கர். பின்னால் பௌலா மோடர்சோன்-பெக்கர் என்று நமக்கெல்லாம் தெரிந்தவர், 31 வயதில் இறந்துபோனவர்.

அந்த பௌலா 1905இல் தன் தோழியான சிற்பி க்ளாரா ரில்கெ-வெஸ்ட்ஹோஃபை வரைந்தார். ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலேயில் இருக்கிறது. வெள்ளை உடை, கையில் சிவப்பு ரோஜா, முகம் சற்றுத் திரும்பியிருக்கிறது, கண் நம்மைப் பார்க்கவில்லை. சிற்பி என்று சொல்ல உளியும் இல்லை களிமண்ணும் இல்லை, ஸ்டூடியோவே இல்லை.

1832: பலெட் கையில். 1881: பலெட் பக்கத்தில். 1905: பலெட்டே இல்லை. இதை ஒரு நேர்கோட்டு வளர்ச்சி என்று சொல்லும் அளவுக்கு நான் அசடு இல்லை, மூன்று படத்தை வைத்து வரலாறு எழுத முடியாது. ஆனால் சக பெண் கலைஞரை எப்படிப் பார்ப்பது என்பதைத் தன்னையே அப்படி ஒருவர் பார்த்து வரைந்த அனுபவம் உள்ள ஆசிரியரிடம்தான் பௌலா உட்கார்ந்து படித்திருக்கிறார். அது எனக்குச் சும்மா தற்செயலாகத் தோன்றவில்லை.

கடப்பாரை எழுதியது:

தற்செயல்தான். பெர்லின் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மாணவிகள். பௌலாவின் அந்தப் படத்துக்குக் காரணம் தேடினால் பாரிசில் அவர் பார்த்த செசானும் கோகெனும் முன்னால் வந்து நிற்பார்கள், பௌக் இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பாணி அங்கிருந்து வந்தது, சரி. தோழியை, கணவரின் மனைவியாக இல்லாமல், தனி ஆளாக வரையலாம் என்ற எண்ணம் செசானிடமிருந்து வந்ததா? க்ளாராவின் கணவர், கவிஞர் ரில்கெயின் பேர் எவ்வளவு பெரிய நிழல் என்று யோசியுங்கள். அந்தப் படத்தில் அந்த நிழல் விழவே இல்லை.

செம்பருத்தி_72 எழுதியது:

வந்ததற்கு நிறையக் கிடைத்தது. வெக்மன் பேரை இதுவரை கேள்விப்பட்டதே இல்லை, இவ்வளவு பதக்கம் வாங்கியவர் எப்படி மறைந்துபோனார்? அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பல காரணம். ஒன்று, அவர் வரைந்தது பெரும்பாலும் கமிஷன் போர்ட்ரெய்ட், அவை வீடுகளுக்குள் போய்விடுகின்றன, தாத்தா பாட்டி படமாகச் சுவரில் தொங்கும், வெளியே வராது. இரண்டு, டென்மார்க் கலை வரலாறு ஸ்காகன், அப்புறம் நவீனம் என்று ஒரு பாதையைப் போட்டுக்கொண்டது, ம்யூனிக்கிலும் பாரிசிலும் படித்து வந்த உருவப்படக்காரருக்கு அந்தப் பாதையில் நிறுத்தம் இல்லை. இதில் ஒரு சுவாரசியம், பின்னாளில் ஸ்காகன் கதையின் நாயகியான மரீ க்ரோயரை, அவர் மரீ ட்ரீப்கெ என்ற இளம்பெண்ணாக இருந்தபோது 1885இல் வரைந்தவர் வெக்மன்தான். எல்லோருக்கும் மரீயின் கணவர், ஸ்காகன் ஓவியர் க்ரோயர் வரைந்த மரீயைத் தெரியும், இதைத் தெரியாது. மூன்றாவது காரணம் சொல்லத் தேவையில்லை, பெண்.

2022இல் ஹிர்ஷ்ஸ்ப்ருங்கில் அவருக்கென்று பெரிய கண்காட்சி வைத்தார்கள். அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது.

கோட்டுருவன் எழுதியது:

நான் முதலில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, பரவாயில்லை. ஆனால் நானே ஒன்றைத் தேடிப் பிடித்தேன்: வெக்மன் இறந்தது 1926 பிப்ரவரி, கோபன்ஹேகன். பௌக் இறந்தது அதே 1926 மே, ம்யூனிக். இதையும் தற்செயல் என்று கடப்பாரை சொல்வார்.

கடப்பாரை எழுதியது:

ஒருவருக்கு எண்பதை ஒட்டிய வயது, இன்னொருவருக்கு எண்பத்தைந்து. ஆமாம், தற்செயல்.

தைலவண்ணன் எழுதியது:

வெக்மன் பௌக்கை ஒரு தடவை மட்டும் வரையவில்லை என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். வேறு படங்களும் உண்டு. ஒரே முகத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரைந்தால் முகம் அலுத்துப்போகும், கை தானாகப் போக ஆரம்பிக்கும், அது ஆபத்து. அந்த வரிசையை யாராவது ஒன்றாகப் போட்டால் 1881 படத்தில் இருப்பது அந்தக் கணத்தின் புதுமையா, பழகிய கையா என்று சொல்லிவிடலாம். இணைப்பு யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.

சாம்பல்நீலம் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தொகுத்துப் போடுகிறேன் சார். மியூசியம் தளத்தில் பெரிய அளவில் கிடைக்கும் படங்களை மட்டும் எடுக்கிறேன், ஏலத் தளங்களில் வரும் படங்களுக்கு நிறம் நம்ப முடியாது. பௌக் வரைந்த ஏரிக்கரை, காட்டுப் படங்கள் சிலவற்றையும் சேர்க்கிறேன், இந்த இழை முழுக்க அவரை மாடலாகவே பேசிவிட்டோம், அவர் என்ன வரைந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.